வெட்டி ஒட்ட ஒரு சிக்கன கம்ப்யூட்டர்

வீட்டு வீடியோவை எடிட் செய்ய லட்சக்கணக்கில் செலவழிக்கத் தேவையில்லை. எந்தப் பாகத்துக்குக் காசு கொடுப்பது, எதில் மிச்சம் பிடிப்பது என்று தெரிந்தால் போதும்.

டெல்லியின் நேரு பிளேஸ், மும்பையின் லேமிங்டன் ரோடு, பெங்களூரின் எஸ்.பி. ரோடு, சென்னையின் ரிச்சி தெரு. ஊர் மாறினாலும் காட்சி மாறுவதில்லை. கம்ப்யூட்டர் பாகங்கள் விற்கும் கடையின் கவுன்ட்டரில் நிற்கும் வாடிக்கையாளர், வீடியோ எடிட்டிங்குக்கு ஒரு மெஷின் வேண்டும் என்கிறார். மறுநிமிடம் ஒரு துண்டுச் சீட்டில் பட்டியல் தயார். பெரும்பாலும் அதன் தலையில் ஒரு விலை உயர்ந்த கிராஃபிக்ஸ் கார்டு இருக்கும். கண்ணாடிக் கதவும் வண்ண விளக்குகளும் கொண்ட கேபினட் இருக்கும். மிஞ்சிய பணத்துக்குள் மற்ற பாகங்கள் அடைபட்டிருக்கும். விளையாட்டுப் பிரியர்களுக்குப் பொருத்தமான மெஷின் அது. எடிட்டிங் செய்ய வந்தவர் பணத்தையும் கொடுத்து, வீட்டுக்குப் போய் திணறவும் செய்கிறார்.

வாங்க வருபவர்களில் பலர் பணக்காரர்கள் அல்ல. மகளின் அரங்கேற்றத்தை மூன்று மணி நேரம் செல்போனில் படம் பிடித்த தகப்பனார், கல்யாண வீடியோ எடுத்துத் தொழிலைத் தொடங்க நினைக்கும் இளைஞர், அலமாரியில் பூஞ்சை பிடிக்கும் பழைய கேசட்டுகளைக் காப்பாற்ற விரும்பும் ஓய்வுபெற்ற அரசு ஊழியர். இவர்களுக்கு ஒவ்வொரு ஆயிரம் ரூபாயும் கணக்கு. அதைவிட முக்கியம், இவர்கள் கையில் இருக்கும் படம் மறுபடி எடுக்க முடியாதது. தவறான கம்ப்யூட்டரால் நஷ்டமாவது பணம் மட்டும் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். மின்சாரம் போய் ஹார்ட் டிஸ்க் பழுதானால், அந்த அரங்கேற்றமும் அதோடு போகும்.

எனவே சிக்கன எடிட்டிங் கம்ப்யூட்டரைக் கட்டுவதில் கேள்வி இரண்டு. வேலை நடக்கக் குறைந்தபட்சம் என்ன வேண்டும்? அதில் மிச்சப்படும் பணத்தைப் படத்தின் பாதுகாப்புக்கு எப்படித் திருப்புவது?

கேசட்டிலிருந்து செல்போனுக்கு

30 ஆண்டுகளுக்கு முன் வீட்டு வீடியோவை எடிட் செய்வது ஸ்டூடியோக்காரரின் வேலை. ஒரு வி.சி.ஆரில் கேசட்டை ஓட்டி, வேண்டிய பகுதியை இன்னொரு வி.சி.ஆரில் பதிவு செய்ய வேண்டும். நடுவில் ஒரு காட்சியைச் செருக நினைத்தால் அதன் பிறகு வந்த அனைத்தையும் மறுபடி பதிவு செய்ய வேண்டும். ஒவ்வொரு பிரதியிலும் படம் மங்கும். முகூர்த்தக் காட்சி மூன்றாவது பிரதியில் பனிமூட்டத்தில் நடந்ததுபோல் தெரிந்ததற்குக் காரணம் இதுதான்.

1995ல் டி.வி. என்ற டிஜிட்டல் வீடியோ கேமராக்கள் விற்பனைக்கு வந்தபோது நிலைமை மாறத் தொடங்கியது. ஃபயர்வயர் என்ற கேபிள் மூலம் படம் அப்படியே, ஒரு புள்ளிகூட இழக்காமல் கம்ப்யூட்டருக்குள் போனது. ஆனால் ஒரு மணி நேரப் படத்துக்கு சுமார் 13 கிகாபைட் இடம் தேவைப்பட்டது. ஒன்றிரண்டு கிகாபைட் ஹார்ட் டிஸ்க்கே பெரிதாகக் கருதப்பட்ட காலம் அது. ஆப்பிளின் ஐமூவி 1999லும், மைக்ரோசாஃப்டின் மூவி மேக்கர் 2000லும் வந்த பிறகுதான் சாதாரண வீடுகளில் எடிட்டிங் என்ற பேச்சே எழுந்தது.

இன்று நிலைமை தலைகீழ். இடம் மலிந்துவிட்டது. சட்டைப் பையில் இருக்கும் செல்போன் அன்றைய ஸ்டூடியோ கேமராவைவிடத் துல்லியமாகப் படம் எடுக்கிறது. ஆனால் அந்தப் படம், டி.வி. கேசட்டிலிருந்து வந்ததைவிடக் கம்ப்யூட்டரை அதிகம் பாடுபடுத்துகிறது. இந்த முரணைப் புரிந்துகொண்டால் பாதி செலவு குறையும்.

சிறிய ஃபைல், பெரிய சுமை

முழு எச்.டி. படத்தின் ஒரு பிரேமில் அகலவாக்கில் 1,920, உயரவாக்கில் 1,080 புள்ளிகள். மொத்தம் சுமார் 20.7 லட்சம். புள்ளிக்கு மூன்று பைட் வைத்தாலும் ஒரு பிரேமுக்கு 6 எம்.பி.க்கு மேல். நொடிக்கு 30 பிரேம் என்றால் நிமிடத்துக்கு சுமார் 11 ஜி.பி. ஆனால் இதே படத்தை எச்.264 முறையில் பதிவு செய்யும் ஐபோன், நிமிடத்துக்கு சுமார் 130 எம்.பி.தான் எடுத்துக்கொள்கிறது. எண்பதில் ஒரு பங்குக்கும் குறைவு. 2013ல் வந்த எச்.265 முறையில் அது 60 எம்.பி.யாக, பாதிக்கும் கீழே இறங்குகிறது.

இந்தச் சுருக்கல் எப்படிச் சாத்தியம்? கேமரா எல்லா பிரேம்களையும் முழுதாக எழுதிவைப்பதில்லை. ஒரு பிரேமை முழுதாக எழுதும். அடுத்து வருபவற்றில் என்ன மாறியது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளும். மேடையில் பின்திரை அசையவில்லை, நடனமாடும் பெண்ணின் கை மட்டும் அசைந்தது என்றால் கையைப் பற்றிய குறிப்பு மட்டும்தான் பதிவாகும். சிறிது நேரம் கழித்து மறுபடி ஒரு முழு பிரேம்.

படத்தை முதலிலிருந்து கடைசி வரை பார்ப்பதற்கு இது பிரமாதமான ஏற்பாடு. எடிட் செய்பவருக்கு இங்குதான் சிக்கல். அவர் நடுவில் எங்கோ ஒரு பிரேமில் கத்தரிக்கோலை வைக்கிறார். அந்த ஒரு பிரேமைத் திரையில் காட்ட, கம்ப்யூட்டர் அதற்கு முந்தைய முழு பிரேமைத் தேடிப் பிடித்து, இடையில் உள்ள குறிப்புகளை எல்லாம் கூட்டிக் கணக்குப் போட வேண்டும். பின்னோக்கி ஓட்டினால் இன்னும் மோசம். மௌஸை இழுக்கும்போது படம் விக்கி விக்கி நகர்வதற்குக் காரணம் ஹார்ட் டிஸ்க்கின் வேகக் குறைவு என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் நிமிடத்துக்கு 350 எம்.பி. எடுக்கும் 4கே படம்கூட டிஸ்க்கிலிருந்து கேட்பது நொடிக்கு 6 எம்.பி.தான். சாதாரண ஹார்ட் டிஸ்க்கே நொடிக்கு 100 எம்.பி.க்கு மேல் கொடுக்கும். திணறுவது பிராஸஸர்.

ஓர் எழுத்தால் வரும் வினை

இந்தக் கணக்கைப் போடுவதற்கென்றே பிராஸஸருக்குள் தனிப் பகுதி ஒன்றை இன்டெல் நிறுவனம் 2011 முதல் வைத்துவருகிறது. குவிக் சிங்க் என்று பெயர். வீடியோவை விரிப்பதும் சுருக்குவதும் மட்டுமே அதன் வேலை. 2015ல் வந்த ஆறாம் தலைமுறை பிராஸஸர்களில் அது எச்.265 படத்தையும் கையாளத் தொடங்கியது. அடுத்த தலைமுறையில், நிறத்தைக் கூடுதல் நுட்பத்துடன் பதிவு செய்யும் 10-பிட் எச்.265க்கும் ஆதரவு வந்தது.

கவனிக்க வேண்டிய விஷயம், இந்தப் பகுதி பிராஸஸருக்குள் இருக்கும் கிராஃபிக்ஸ் பிரிவின் ஓர் அங்கம். கடைகளில் ஒரே பிராஸஸர் இரண்டு பெயர்களில் கிடைக்கும். ஐ5-12400 என்று ஒன்று. ஐ5-12400எஃப் என்று மற்றொன்று. கடைசியில் எஃப் என்ற எழுத்து இருந்தால் உள்ளே கிராஃபிக்ஸ் பிரிவு செயல்படாது. குவிக் சிங்க்கும் இல்லை. எஃப் ரகம் சற்று மலிவு என்பதால், தனி கிராஃபிக்ஸ் கார்டோடு சேர்த்து அதையே பட்டியலில் எழுதுவது வழக்கம். விளையாட்டுக்கு அது நல்ல பேரம். சிக்கனமாக எடிட்டிங் செய்ய வந்தவருக்கு, அந்தச் சிறு தொகையை மிச்சப்படுத்தப் போய்ப் பல மடங்கு விலையுள்ள கார்டை வாங்கியே தீர வேண்டிய நிலை.

ஏ.எம்.டி. ரகத்திலும் எழுத்தைப் பார்த்தே வாங்க வேண்டும். ரைஸன் 5 5600ஜி போன்றவற்றில் கிராஃபிக்ஸ் உள்ளேயே உண்டு. அதே வரிசையின் 5600, 5600எக்ஸ் ஆகியவற்றில் இல்லை. 2022ல் வந்த 7000 வரிசை முதல் பெரும்பாலான ரகங்களில் சிறிய அளவிலாவது கிராஃபிக்ஸ் இருக்கிறது. அங்கும் எஃப் என்று முடிபவை விதிவிலக்கு.

வீட்டு எடிட்டிங்குக்கு ஆறு கோர் கொண்ட பிராஸஸர் நிறைவான தேர்வு. நான்கு கோர் கொண்ட ஐ3-12100 கொண்டும் முழு எச்.டி. வேலையை முடிக்கலாம். முடித்த படத்தை ஃபைலாக மாற்றக் கூடுதல் நேரம் பிடிக்கும், அவ்வளவே. இரவு சாப்பிடப் போகும் முன் அந்த வேலையைக் கொடுத்துவிட்டுப் போகிறவருக்கு அது 20 நிமிடத்தில் முடிந்தால் என்ன, 40 நிமிடத்தில் முடிந்தால் என்ன?

நகலில் வெட்டு, அசலில் படம்

பிராஸஸர் என்னதான் கெட்டிக்காரத்தனமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டாலும், 4கே படம் இரண்டு மூன்று அடுக்காக வந்தால் சிக்கன கம்ப்யூட்டர் மூச்சு வாங்கும். இதற்குச் செலவில்லாத வைத்தியம் ஒன்று உண்டு. ப்ராக்ஸி.

சினிமாக்காரர்களுக்கு இது புதிதல்ல. பிலிம் காலத்தில் எடிட்டர் நெகட்டிவைத் தொடமாட்டார். அதிலிருந்து எடுத்த ரஷ் பிரிண்டை மூவியோலாவில் ஓட்டி வெட்டி ஒட்டுவார். எல்லாம் முடிவான பிறகு, பிலிமின் ஓரத்தில் அச்சாகியிருக்கும் எண்களை ஒப்பிட்டு நெகட்டிவை வெட்டுவார்கள். ப்ராக்ஸியும் அதே தந்திரம். 4கே படம் ஒவ்வொன்றுக்கும் கம்ப்யூட்டர் ஒரு சிறிய நகல் எடுக்கிறது. 3,840க்கு 2,160 என்ற அளவை 960க்கு 540 ஆகக் குறைத்தால் புள்ளிகள் பதினாறில் ஒரு பங்காகிவிடும். தேடிப் பிடித்து வெட்ட வசதியான முறையில் அந்த நகலைச் சேமிக்கவும் முடியும். வெட்டுவதும் ஒட்டுவதும் நகலில். கடைசியில் படத்தை வெளியே எடுக்கும்போது சாஃப்ட்வேர் தானாகவே அசலுக்கு மாறிக்கொள்கிறது. முடிந்த படத்தின் தரத்தில் எள்ளளவும் குறைவு இருக்காது.

இலவசமாகக் கிடைக்கும் கேடன்லைவ், ஷாட்கட், டாவின்சி ரிஸால்வ் ஆகிய மூன்றிலும் இந்த வசதி உண்டு. நகல்கள் தயாராக நேரமாகும். ராத்திரி ஓடவிட்டுத் தூங்கப் போகலாம். கிராஃபிக்ஸ் கார்டுக்குக் கொடுக்கும் பெரிய தொகைக்கு ஈடாக ஓர் இரவு காத்திருப்பது மோசமான பேரம் அல்ல.

செல்போன் படங்களில் இன்னொரு கோளாறும் உண்டு. பல போன்கள் வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் தக்கபடி நொடிக்கு இத்தனை பிரேம் என்பதைக் கூட்டிக் குறைத்துப் பதிவு செய்கின்றன. எடிட் செய்யும்போது பாட்டு ஒரு பக்கமும் வாயசைவு ஒரு பக்கமுமாகப் போகும். கம்ப்யூட்டரைக் குறை சொல்லிப் பயனில்லை. வேலையைத் தொடங்கும் முன் படத்தைச் சீரான பிரேம் கணக்குக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். ஷாட்கட்டும் கேடன்லைவும் இதற்கு வழி வைத்திருக்கின்றன.

முதலில் சாஃப்ட்வேர், பிறகு மெஷின்

பெரும்பாலோர் கம்ப்யூட்டரை வாங்கிவிட்டு சாஃப்ட்வேரைத் தேடுகிறார்கள். வரிசை மாற வேண்டும். கேடன்லைவ், ஷாட்கட் இரண்டும் தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாமலே ஓடும். வெட்டுவது, ஒட்டுவது, தலைப்பு போடுவது, இசை சேர்ப்பது, வெளிச்சத்தையும் நிறத்தையும் ஓரளவு சரிசெய்வது எல்லாம் இவற்றில் முடியும்.

டாவின்சி ரிஸால்வ் வேறு ஜாதி. சினிமாக்களின் நிறத்தைச் சீர்செய்யப் பிறந்தது. 2009ல் அதை வாங்கிய பிளாக்மேஜிக் டிசைன் நிறுவனம் பின்னர் ஓர் இலவசப் பதிப்பையும் வெளியிட்டது. இலவசம் என்றாலும் அதன் பசி பெரிது. தனி கிராஃபிக்ஸ் கார்டும் 32 ஜி.பி. மெமரியும் இருந்தால்தான் அது உற்சாகமாக வேலை செய்யும். இன்னொரு பொறியும் உண்டு. லினக்ஸில் ஓடும் இலவசப் பதிப்பு எச்.264, எச்.265 படங்களைத் திறக்காது. விண்டோஸ் செலவை மிச்சப்படுத்த லினக்ஸ் போட்டு, அதில் ரிஸால்வை நிறுவுபவர், தம் செல்போன் படத்துக்கு வெற்றுத் திரையைத்தான் பார்ப்பார்.

நிறத் திருத்தம்தான் தொழில், கல்யாண ஆல்பம்தான் வருமானம் என்பவர்கள் கிராஃபிக்ஸ் கார்டு வாங்குவதில் நியாயம் உண்டு. அவர்களும் பழைய கார்டுகளிடம் ஜாக்கிரதையாக இருப்பது நல்லது. ஈதர் என்ற டிஜிட்டல் நாணயத்தைத் தோண்ட இரவு பகலாக ஓடிய கார்டுகள், 2022 செப்டம்பரில் அந்த முறை முடிவுக்கு வந்ததும் செகண்ட்ஹேண்ட் சந்தைக்கு வந்தன. வெளியே துடைத்துப் பளபளவென்று வைத்த கார்டு, உள்ளே எத்தனை ஆயிரம் மணி நேரம் உழைத்தது என்று பார்த்துச் சொல்ல முடியாது.

மெமரியின் திடீர் மதிப்பு

சிக்கனப் பட்டியலில் நெடுங்காலம் யாரும் கவலைப்படாத வரி மெமரி. 2025ன் கடைசி மாதங்களில் அது மாறியது. செயற்கை அறிவுக்கான டேட்டா சென்டர்கள் சில்லுகளை அள்ளிக்கொண்டதில், வீட்டுக் கம்ப்யூட்டருக்கான மெமரி விலையும் கடுமையாக ஏறியது. இந்த நிலையில் 16 ஜி.பி. போதுமா என்பது நியாயமான கேள்வி. ப்ராக்ஸி முறையில், கேடன்லைவ் அல்லது ஷாட்கட்டில் வேலை செய்பவருக்குப் போதும்.

அந்த 16 ஜி.பி.யை ஒரே கார்டாக வாங்காமல் இரண்டு 8 ஜி.பி. கார்டுகளாக வாங்குவது உத்தமம். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத கம்ப்யூட்டரில் திரைக்கான வேலைக்கும் இதே மெமரிதான் பயன்படுகிறது. இரண்டு கார்டு இருந்தால் தகவல் இரண்டு வழிகளில் ஓடும். ஆனால் மலிவான மதர்போர்டுகளில் மெமரிக்கு இரண்டு இடம்தான் இருக்கும். பின்னால் 32 ஜி.பி.க்குப் போக நினைப்பவர், நான்கு இடம் உள்ள போர்டுக்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுப்பதே லாபம். டி.டி.ஆர்.4, டி.டி.ஆர்.5 என்ற இரண்டு ரகங்களும் ஒன்றின் இடத்தில் ஒன்று பொருந்தாது. போர்டு எந்த ரகம் என்று பார்த்த பிறகே மெமரி.

டிஸ்க் விஷயத்தில் இதற்கு நேர்மாறு. நொடிக்கு 7,000 எம்.பி. வேகம் என்று விளம்பரமாகும் எஸ்.எஸ்.டி.க்கள் வீட்டு எடிட்டிங்குக்கு அவசியமே இல்லை. நொடிக்கு சுமார் 550 எம்.பி. தரும் சாதாரண சாட்டா எஸ்.எஸ்.டி.யே, படம் கேட்பதைப்போல் பல மடங்கு கொடுக்கிறது. விண்டோஸ் அல்லது லினக்ஸும், எடிட்டிங் சாஃப்ட்வேரும், ப்ராக்ஸி நகல்களும், கையில் இருக்கும் வேலையும் எஸ்.எஸ்.டி.யில் இருக்கட்டும். முடிந்த வேலைகளுக்குப் பழைய பாணி ஹார்ட் டிஸ்க் போதும்.

ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்றவை

புதிதாகக் கட்டப் பணம் போதாதவர்களுக்கு வேறொரு வழி உண்டு. பெரிய கம்பெனிகள் சில ஆண்டுகள் பயன்படுத்திக் கழித்துவிட்ட ஆபீஸ் கம்ப்யூட்டர்களைச் சீர்செய்து விற்கும் கடைகள் நேரு பிளேஸிலும் எஸ்.பி. ரோட்டிலும் ஏராளம். இங்கே தலைமுறை எண் முக்கியம். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ல் முடிந்தது. விண்டோஸ் 11 பொதுவாக இன்டெல் எட்டாம் தலைமுறைக்குக் கீழே உள்ள பிராஸஸர்களை ஏற்பதில்லை. 2018ல் வந்த ஐ5-8500 போன்ற எட்டாம் தலைமுறை மெஷினில் ஆறு கோரும் குவிக் சிங்க்கும் உண்டு. விண்டோஸ் 11ம் ஓடும். அதில் மெமரியை 16 ஜி.பி. ஆக்கி, ஓர் எஸ்.எஸ்.டி. சேர்த்தால் முழு எச்.டி. எடிட்டிங்குக்கு அது குறைவற்ற மெஷின். ஆறு, ஏழாம் தலைமுறை இன்னும் மலிவாகக் கிடைக்கலாம். லினக்ஸும் கேடன்லைவும் போதும் என்பவர் மட்டும் அதைத் தொடலாம்.

வாங்கும் முன் பக்கக் கதவைத் திறந்து பார்ப்பது நல்லது. ஒல்லியான கேபினட் என்றால் பிற்காலத்தில் சாதாரண கிராஃபிக்ஸ் கார்டு நுழையாது. பல ஆபீஸ் மெஷின்களின் எஸ்.எம்.பி.எஸ். அந்தக் கம்பெனிக்கே உரிய வடிவில் இருக்கும். பழுதானால் அடுத்த கடையில் மாற்று கிடைக்காது.

பழையதோ புதியதோ, பில் அவசியம். கம்ப்யூட்டர் பாகங்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவிகிதம். பில் இல்லாமல் வாங்கினால் குறைத்துத் தருவதாகச் சொல்லப்படும் தொகையின் ரகசியம் அதுதான். பாகத்தின் சீரியல் எண் எழுதிய பில் இல்லாதவர், வாரண்டி என்று வந்து நிற்கும்போது பேச்சு வேறாக இருக்கும்.

கரன்ட் போகும் ஊரில்

சிக்கனம் எல்லை மீறும் இடம் எஸ்.எம்.பி.எஸ். மலிவு கேபினட்டோடு சேர்த்துத் தரப்படும் பவர் சப்ளையின் மேல் 450 வாட் என்று அச்சடித்திருக்கலாம். அச்சடிப்பது சுலபம். மின் அழுத்தம் ஏறி இறங்கும் ஊரில் அது பழுதாகும்போது மதர்போர்டையும் டிஸ்க்கையும் கூடவே அழைத்துப் போகக்கூடும். கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத கம்ப்யூட்டருக்கு அதிக வாட் தேவையில்லை. 80 பிளஸ் சான்று உள்ள, பெயர் தெரிந்த கம்பெனியின் 450 வாட் எஸ்.எம்.பி.எஸ். தாராளம்.

அடுத்தது யூ.பி.எஸ். 600 வி.ஏ. ரகம் சில நிமிடம் தாங்கும். வேலையைச் சேமித்து ஒழுங்காக மூட அந்தச் சில நிமிடம் போதும். படம் எழுதப்படும் நேரத்தில் கரன்ட் போனால், அரைகுறையாக எழுதப்பட்ட ஃபைல் பல நேரங்களில் திறக்காது. வீட்டில் எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பார்ப்பதும் இந்தக் கணக்கில் சேரும். மே மாத வெயிலில், மணிக்கணக்காகப் படத்தைச் சுருக்கும் பிராஸஸர் சூடாகித் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வண்ண விளக்கு கேபினட்டைவிட, காற்று புகும் வலைமுகப்பு கொண்ட சாதாரண கேபினட்டும், மாதம் ஒருமுறை தூசி தட்டும் பிரஷ்ஷும் பயனுள்ளவை.

நூறு ரூபாயின் பங்கீடு

மானிட்டர் ஏற்கெனவே இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், செலவழிக்கும் ஒவ்வொரு நூறு ரூபாயையும் ஏறத்தாழ இப்படிப் பிரிக்கலாம். பிராஸஸருக்கு 25. மதர்போர்டுக்கு 15. மெமரிக்கு 17. எஸ்.எஸ்.டி.க்கு 10. எஸ்.எம்.பி.எஸ்., கேபினட் இரண்டுக்கும் 13. யூ.பி.எஸ்.ஸுக்கு 8. மீதி 12 ரூபாய், வெளியே வைக்கும் ஹார்ட் டிஸ்க்குக்கு. சந்தை விலைக்கேற்ப இரண்டொரு ரூபாய் இடம் மாறலாம். கடைசி 12 ரூபாயை மட்டும் வேறு எதற்கும் கடன் கொடுக்கக் கூடாது.

காரணம் எளிது. செல்போனிலிருந்து படத்தைக் கம்ப்யூட்டருக்கு மாற்றியதும், இடம் போதவில்லை என்று போனில் இருப்பதை அழிப்பது எல்லோரும் செய்யும் காரியம். அந்த நிமிடத்திலிருந்து உலகத்தில் அந்தப் படத்துக்கு ஒரே ஒரு பிரதிதான். நிமிடத்துக்கு 350 எம்.பி. என்று மூன்று மணி நேரம் எடுத்த 4கே அரங்கேற்றம் 63 ஜி.பி. ஒரு டி.பி. டிஸ்க்கில் அதுபோல் 15 அரங்கேற்றங்கள் அடங்கும். டிஸ்க்கில் பிரதி எடுத்து, அதைக் கம்ப்யூட்டரிலிருந்து கழற்றி வேறொரு அறையிலோ, முடிந்தால் உறவினர் வீட்டிலோ வைத்தால், இடி, திருட்டு, வைரஸ் மூன்றிலிருந்தும் அது தப்பும். போனில் இருப்பதை அழிக்கும் வேலையை அதன் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

பழைய கேசட்டுகள் வைத்திருப்பவர்களுக்கு அவசரம் இன்னும் அதிகம். உலகின் கடைசி வி.சி.ஆர். தயாரிப்பாளரான ஜப்பானின் ஃபுனாய் 2016 ஜூலையில் அந்த உற்பத்தியை நிறுத்தியது. ஓடும் நிலையில் இருக்கும் வி.சி.ஆர்.களின் எண்ணிக்கை இனி குறையத்தான் செய்யும். நம் கடலோர ஊர்களின் ஈரத்தில் கேசட் நாடாவும் பூஞ்சை பிடிக்கிறது. வி.எச்.எஸ். கேசட்டைக் கம்ப்யூட்டருக்கு மாற்ற விலை குறைந்த யூ.எஸ்.பி. கேப்சர் கருவியே போதும். மினி டி.வி. கேசட் வைத்திருப்பவர் மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஒயர் வழியாக மாற்றினால் படத்தின் தரம் குறையும். அதற்கு ஃபயர்வயர்தான் சரியான வழி. இன்றைய மதர்போர்டுகளில் அந்த வாய் இருப்பதில்லை. தனி கார்டு செருக வேண்டும். ஆகவே போர்டை வாங்கும்போதே காலி ஸ்லாட் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது. ஒரு மணி நேரத்துக்கு 13 ஜி.பி. என்பது அன்று மலைப்பாக இருந்தது. இன்று அது ஒரு பொருட்டே அல்ல. எனவே அசலை அப்படியே வைத்துக்கொண்டு, பார்ப்பதற்கு மட்டும் சுருக்கிய பிரதி எடுப்பது புத்திசாலித்தனம்.

கம்ப்யூட்டர் வாங்குவதை அடுத்த தீபாவளித் தள்ளுபடி வரை ஒத்திப்போடலாம். அதற்குள் ஒரு புதிய பிராஸஸரும் வரலாம், மெமரி விலை இறங்கவும் செய்யலாம். அலமாரியில் இருக்கும் கேசட்டுக்கு அந்தப் பொறுமை கிடையாது. கையில் பணம் கொஞ்சமே இருந்தால் முதலில் வாங்க வேண்டியது வெளியே வைக்கும் அந்த ஹார்ட் டிஸ்க்.